பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

அந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒன்றரை வருடம், செவ்வாயும் வெள்ளியும், காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை ஒரே வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னை அம்மணி என்றாள். டயாலிசிஸ் பிரிவில் படுத்திருப்பவர்களுக்குப் பெயர் உண்டு, பதிவு எண் உண்டு. கூட வருகிறவர்களுக்கு இரண்டும் கிடையாது. கதவைத் திறந்து, "ஆறாம் பெட்டுக்கு யாருங்க வந்திருக்கறது?" என்பார்கள். எழுந்து போவோம். நான் ஆறாம் பெட். அக்கா ஏழாம் பெட்.

ஆறாம் பெட்டில் என் அம்மா. ஏழில் அக்காவின் வீட்டுக்காரர்.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலையில் இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் மதியத்துக்கு மேல் வருவதற்கு அனுமதி வாங்கியிருந்தேன். விடிவதற்குள் எழுந்து, அம்மாவைக் குளிப்பாட்டி, கவுண்டம்பாளையத்திலிருந்து காந்திபுரம், அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்காரும்போதே அந்த நாள் முடிந்துபோன மாதிரி இருக்கும். அங்கே காத்திருந்த எல்லோர் முகத்திலும் அதே களைப்புத்தான். யாரும் யாரிடமும் அதிகம் பேச மாட்டார்கள். பேசினால் கிரியாட்டினின் எவ்வளவு, எடை எவ்வளவு ஏறியது என்பதுதான் பேச்சு.

ஒரு நாள் கையில் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, அந்த டிக்கெட்டைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. மூக்குத்தி போட்ட இடத்தில் ஈர்க்குச்சி. டிக்கெட்டை வாங்கிப் பிரித்து எண்ணைப் பார்த்தாள். 254254.

"ஏழாலயும் போகும், பதினொண்ணாலயும் போகும், பதிமூணாலயும் போகும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குப் புரியவில்லை. செல்போனை எடுத்து வகுத்துப் பார்த்தேன். மூன்றிலும் மீதியில்லாமல் போனது.

"எப்படீங்க்கா?"

"மூணு இலக்கத்தை ரெண்டு தடவை அடுத்தடுத்து எழுதினா அது ஆயிரத்தி ஒண்ணால பெருக்கின மாதிரிங்க. ஏழையும் பதினொண்ணையும் பதிமூணையும் பெருக்கினா ஆயிரத்தி ஒண்ணு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெருமையோ சந்தோஷமோ அந்த முகத்தில் இல்லை. நாற்காலிக்கடியில் கிடக்கும் நூலைப் பொறுக்கிப் போடுகிறவள் மாதிரி இருந்தாள்.

எந்த எண்ணைப் பார்த்தாலும் அவளுக்கு அப்படித்தான். காபி டோக்கன், ஆட்டோவின் பின்பக்கம், மருந்து அட்டையின் ஓரத்தில் குத்தியிருக்கும் எண். அது எதால் வகுபடும், எதால் வகுபடாது என்று பார்த்தால்தான் கண் அதை விடும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தபடியே பகா எண் என்பாள். எனக்கு ஐம்பத்தேழாம் எண் டோக்கன் கிடைத்த நாளில், "பகா எண் மாதிரியே வேசம் போடுமுங்க இது. மூணால போயிரும்" என்றாள்.

மிக மெல்ல, தவணை தவணையாகத்தான் அவளைப் பற்றித் தெரிந்தது. அன்னூர் பக்கம் ஊர். பன்னிரண்டாவதில் கணக்கு எடுத்துப் படித்தவள். பரீட்சை முடிந்த மாதமே கல்யாணம். சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டினவர் மாப்பிள்ளை. அவள் அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் போனாள். துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று மேனேஜர் சொல்வாராம். ஒரு குறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தெரிந்த குறையைத் தெரியாத மாதிரி மடித்து வைக்கவும் அவளுக்கு வராது.

ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல இடம் வந்ததென்று அப்பா ஒரு நாள் தனியாகக் கல்லூரிக்குப் போய் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது வெற்றிலைபாக்கு மாற்றியாகிவிட்டது. மகள் இப்போது ஓசூரில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள், நன்றாகத்தான் இருக்கிறாள்.

"அன்னைக்கிருந்து நான் அவருகிட்டப் பேசறதில்லீங்க."

"எத்தன வருசமாச்சுங்க்கா?"

"பதினொண்ணு." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "பகா எண்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

கோபமில்லையாம். பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டதாம். சோறு போட்டுவிட்டு, "சோறு போட்டாச்சு" என்று கதவைப் பார்த்துச் சொல்வாள். அவரும் கதவிடம்தான், "குழம்பு ஊத்தோணும்" என்பார். சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகம் போனபோதும் அப்படித்தான். டாக்டர் கேட்பதற்கு அக்கா பதில் சொல்வாள், அவர் பதில் சொல்வார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்களுக்கு அறிமுகமாகி ஒரு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் படுக்கையில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். எடை பார்க்கும் மெஷின்மீது நின்றுகொண்டு, "போதுமுங்க. ஊட்டுக்குப் போறேன்" என்றார். பெரிய உடம்பு வற்றி, சட்டை தோளில் தொங்கியது. டெக்னீசியன் தம்பி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. அம்மாவின் காலுக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னும் எத்தன நாளைக்குங்க தம்பி? முடியற காரியமா இருந்தாச் சொல்லுங்க. இது முடியவே முடியாதல்லோ?"

அதற்கு அந்தப் பையனால் என்ன சொல்ல முடியும்? முடியாதுதான்.

அக்கா அவருடைய ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அதன் மேலட்டையில் அவருடைய பதிவு எண் பெரிதாக எழுதியிருந்தது. 1022117. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க நெம்பர் எதாலயாச்சும் வகுபடுதான்னு பாத்துட்டு இருக்கறனுங்க. ரெண்டு, மூணு, அஞ்சு எதாலயும் போகல. ஒண்ணொண்ணாப் பாத்துட்டு வாரேன். அது முடியற வரைக்கும் வாங்க. முடிஞ்சுதுன்னா நானே சொல்லிப்போடறேன். அன்னைக்கு ஊட்டுக்குப் போயிரலாம்."

அவர் அவளையே பார்த்தார். பதினோரு வருடம் கழித்து அவள் அவரிடம் பேசியது இது என்று சுற்றி நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எதாலயும் போகலீன்னா?"

"அதையும் சொல்லறேன்."

"நெசத்தச் சொல்லுவியா புள்ள?"

"மீதிய மறைச்சு எனக்குப் பழக்கமில்லீங்க."

அவர் மெஷினைவிட்டு இறங்கி, மெதுவாக நடந்து போய்ப் படுக்கையில் ஏறினார்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு எண். நாற்காலியில் உட்கார்ந்து, பழைய ரத்தப் பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் அக்கா வகுப்பாள். செல்போனைத் தொட மாட்டாள். இரண்டு மணி நேரம் கழிந்ததும் பிஸ்கட் கொடுக்க உள்ளே விடுவார்கள். அப்போது போய்ச் சொல்வாள்.

"இன்னிக்கு முப்பத்தி ஏழு. மீதி இருபத்தி ஒம்பது."

"ம். தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

அவருக்கு அதில் ஒரு திருப்தி. தன்னுடைய எண்ணை யாராலும் உடைக்க முடியவில்லை என்று எங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னார். ஐம்பத்தொன்பதால் வகுத்த நாளில் மீதி ஒன்று வந்தது. "ஒண்ணே ஒண்ணா?" என்று தலையைத் தூக்கிக் கேட்டார். அக்கா தாளை அவர் கண்ணருகே கொண்டுபோய்க் காட்டினாள். இருவரும் ஒரு தாளைச் சேர்ந்து பார்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டிலும் கொஞ்சம் பேச ஆரம்பித்திருந்தார்கள். உப்பில்லாத ரசத்தைப் பற்றி, கரண்ட் போனதைப் பற்றி. ஒரு நாள் அவர் மகளைப் பற்றிப் பேச்செடுத்து, "அவளையும் இப்படிக் கணக்குப் போட உட்டிருக்கலாம்" என்றாராம். 

அந்த மீதி ஒன்று என்னால் பொறுக்க முடியாததாகிவிட்டது. அன்று மதியம் ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. ஆயிரத்து ஒன்பதையும் ஆயிரத்துப் பதிமூன்றையும் பெருக்கினால் வருகிற எண் அது. இரண்டுமே பகா எண்கள். வேறு எதாலும் அது வகுபடாது. ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுத்து அத்தனையிலும் மீதி வந்த பிறகு, அதற்கடுத்ததாக நிற்கிற ஒன்றில்தான் அது முழுதாகப் போகும். அதையும் தாண்டிப் பார்க்கத் தேவையே இல்லை. கடைசிப் படி அது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வருவதை நிறுத்திவிடுவார் என்று பயம்.

கொஞ்ச நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். அக்கா தொண்ணூற்றொன்றால் வகுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தொண்ணூத்தி ஒண்ணு பகா எண் இல்லீங்களே. ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணு. ஏழாலயே போகாத நெம்பர் இதுல எப்படிங்க போகும்?"

அக்கா பென்சிலை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க அம்மணி. சத்தமாச் சொல்லாதீங்க."

மீதி ஐந்து வந்தது. உள்ளே போய்ச் சொன்னாள். பகா எண்ணால் மட்டும் வகுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேவையில்லாததையும் நடுவில் சேர்த்தால் நாள் கூடும். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் மீதியில் மட்டும் அவள் ஒரு நாளும் கை வைக்கவில்லை. வந்ததைத்தான் சொன்னாள். நூற்றொன்றுக்கு மீதி தொண்ணூற்றெட்டு, முந்நூற்று ஏழுக்கு நூற்றுப் பதினாலு. இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சில மீதிகள் ஞாபகமிருக்கின்றன. அம்மாவின் மாத்திரைப் பெயர்கள் மறந்துவிட்டன.

ஒரு வருடம் ஓடியது. அவருடைய வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். கையில் ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். அது இரண்டு முறை சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. மெஷின் ஓடும்போதே ரத்த அழுத்தம் இறங்கிக் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். சத்தம் வராது. வெளியே அக்காவுக்கு அது கேட்காது, ஆனால் கண்ணாடிக் கதவு வழியாக அவர் காலைப் பிடித்துவிட ஆட்கள் ஓடுவது தெரியும். பென்சில் அப்படியே நிற்கும். பிறகு மறுபடி ஓடும்.

ஆனாலும் அவர் ஒரு நாள்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை நான் வாய்விட்டுவிட்டேன். அம்மாவுக்கும் அன்று முடியாமலிருந்தது. ராத்திரி தூக்கமில்லை. எனக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது, அவளுடைய பென்சில் உரசுகிற சத்தம்கூட.

"அக்கா, அது ஆயிரத்தி ஒம்பதுல போகுதுங்க. நான் கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

"தெரியுமுங்க அம்மணி. மொத வாரமே தெரியும்."

தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். ஒரு எண் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் அதில் ஒன்று சிறியதாகவும் ஒன்று பெரியதாகவும் இருக்கும். சிறியது எதுவரை போகலாம் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்காக ஆயிரத்துப் பதினொன்றை ஆயிரத்துப் பதினொன்றால் பெருக்கியிருக்கிறாள். பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்று இருபத்தொன்று வந்தது. அவருடைய எண்ணைவிட நாலுதான் அதிகம்.

"நாலுங்கறது ரெண்டும் ரெண்டும் பெருக்கினது. அப்புறம் என்னங்க, ஆயிரத்திப் பதினொண்ணுல ரெண்டக் கழிச்சா ஒண்ணு, ரெண்டக் கூட்டினா இன்னொண்ணு. வகுக்கவே வேண்டியதில்ல. அப்பவே ஒடஞ்சு போச்சு."

"அப்புறம் எதுக்குங்க்கா இத்தன நாளா?"

"நான் பொய் சொல்லலீங்களே. ஒரு நாளைக்கு ஒண்ணு வகுக்கறேன். என்ன மீதி வருதோ அதச் சொல்லறேன்." தாளை மடித்துக்கொண்டே, "இப்படியே போனா இன்னும் ஒரு வருசத்துக்கு மேல வருமுங்க" என்றாள். அதைச் சந்தோஷமாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாலு வாரம் போயிருக்கும். ஐந்நூற்று ஒன்பது வந்த நாள். மீதி நாற்பத்தைந்து. நான் அம்மாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அவர் வாயைத் துடைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். அவள் சொல்வதற்கு முன்னாலேயே அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"இன்னிக்காச்சும் போச்சா?"

அக்கா தாளைப் பார்த்தாள்.

"இல்லீங்க. நாப்பத்தஞ்சு மீதி."

"ம்."

அவ்வளவுதான். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து அக்கா உட்காரவில்லை. ஜன்னலோரமாகப் போய் நின்றாள். கீழே தெருவில் ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முன்னெல்லாம் தப்பிச்சுதான்னு கேப்பாருங்க அம்மணி" என்றாள். "இப்பக் கொஞ்ச நாளா போச்சாங்கறாரு. நான் அதக் கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

அடுத்த செவ்வாய் ஐந்நூற்றுப் பதினொன்றின் முறை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலை எடுக்கவேயில்லை. இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். உள்ளே கூப்பிட்டதும் புதுத் தாள் ஒன்றோடு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க, இங்க பாருங்க."

அவர் கண்ணைத் திறந்தார்.

"ஆயிரத்தி ஒம்பது. மீதி இல்லீங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தாளை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நிதானமாக, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டினாள். கடைசியில் கழித்தது போகச் சைபர். அவருக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது. இன்னொரு கண்ணால் அந்தச் சைபரை வெகுநேரம் பார்த்தார்.

"நெசமா?"

"நெசமுங்க."

"அப்ப முடிஞ்சுது."

"முடிஞ்சுதுங்க."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.  மெஷின் அதன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று டாக்டர் அவர்களை உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். நிறுத்தினால் என்ன ஆகும், எத்தனை நாள், மூச்சு எப்படித் திணறும், அதற்கு என்ன மருந்து தரலாம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னதாக அக்கா பிறகு சொன்னாள். அவர்தான் கையெழுத்துப் போட்டார். அக்கா சாட்சிக் கையெழுத்து. மகளுக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள்.

வராந்தாவில் நான் அவளை வழிமறித்தேன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழாம் பெட் காலியானால் ஆறாம் பெட்டும் ஒரு நாள் காலியாகும் என்கிற பயம் அது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

"நடுவுல எல்லாத்தையும் உட்டுப்போட்டு ஒரேயடியா அங்க போயிட்டீங்களேக்கா. இன்னும் ஒரு வருசம் இருந்துச்சல்லோ? உங்களுக்குச் சலிச்சுப் போச்சாக்கா?"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை.

"ஆமாங்க அம்மணி. சலிச்சுத்தான் போச்சு. அவருக்கும் சலிச்சுப் போச்சு. வாக்குக் குடுத்துட்டாருன்னு சொல்லாம இருந்தாரு" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தாள். ஏழாம் பெட்டில் அப்போது திருப்பூர்க்காரர் ஒருவர். அக்கா ஏதோ சான்றிதழ் வாங்க வந்தவள், அப்படியே எங்கள் அம்மாவையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று மேலே ஏறி வந்திருந்தாள். பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் இளைத்திருந்தாள்.

"பன்னெண்டு நாள் இருந்தாருங்க" என்றாள், நான் கேட்காமலேயே. "தண்ணி கேட்டப்பெல்லாம் குடுத்தேன். ஒண்ணரை வருசமா அளந்து அளந்து குடுத்த தண்ணி. மொத நாள் ஒரு சொம்பு நெறையக் குடுத்தேன். ரெண்டு கையிலயும் புடிச்சுக் குடிச்சுப்போட்டு, தண்ணி இத்தன ருசியான்னு கேட்டாரு."

மகள் வந்து பக்கத்திலேயே இருந்தாளாம். அவளிடம் அவர் என்னவோ பேசினாராம். அக்கா அந்த நேரம் வெளியே போய்விட்டாளாம். என்ன பேசினார்கள் என்று மகளிடம் கேட்கவில்லையாம்.

"அஞ்சாறு நாள் போனதுக்கப்புறம் ஒரு மத்தியானம் என்னையக் கூப்புட்டாருங்க. அந்தத் தாள எடுத்துட்டு வரச் சொன்னாரு. ஆயிரத்தி ஒம்பதுல வகுத்தா என்ன வந்துச்சுன்னாரு. ஆயிரத்திப் பதிமூணுங்கன்னேன். அதுவும் ஒடையாத நெம்பரான்னு கேட்டாரு. ஆமான்னேன். ரெண்டுக்கும் நடுவுல வேற ஒடையாத நெம்பர் இருக்குதான்னாரு. நான் ஒவ்வொண்ணாச் சொன்னேன். ஆயிரத்திப் பத்து ரெட்டப்படை, ஆயிரத்திப் பதினொண்ணு மூணால போயிரும், ஆயிரத்திப் பன்னெண்டு ரெட்டப்படை. ஒண்ணுமில்லீங்கன்னேன்."

 உள்ளேயிருந்து ஒரு மெஷின் கத்தியது. யாரோ போய் அதை அணைத்தார்கள்.

"பக்கம் பக்கமாத்தான் இருந்திருக்குதுக, நாமதான் மூணு, அஞ்சுன்னு எங்கெங்கியோ சுத்திட்டு வந்திருக்கறோம்னாரு. அப்புறம் தூங்கிட்டாருங்க."

 அன்றைக்கு வராந்தாவில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன்.

"நீங்க கேட்டது சரிதானுங்க அம்மணி. நானும் தினம் அதத்தான் பாத்துட்டு இருக்கறேன். அவரு படறதப் பாக்க மாட்டாமச் சொன்னனா, என்னால முடியாமச் சொன்னனா? அதுல அவருக்காக எத்தன, எனக்காக எத்தனன்னு பிரிச்சுப் பாக்கறேன்." இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தாள். "பிரிய மாட்டேங்குதுங்க."

கதவு திறந்தது. ஆறாம் பெட்டைக் கூப்பிட்டார்கள். அக்காவும் என்னோடு எழுந்து வந்தாள். அம்மா அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அக்கா அம்மாவின் செருப்பைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து, குனிந்து, ஒவ்வொரு காலாகப் போட்டுவிட்டாள்.